குளவிக் கொட்டுக்குத் தொடையில் ஊசி, அது சரியா?

படுவான்கரைப் பெடியன் | 11 பெப்ரவரி 2024, மாலை 6.20

அம்மாவுக்கு 58 வயது. போன வியாழன் மண்டூருக்கு உள்ளே அறுவடைக்குப் போன இடத்தில் குளவி கலைந்து ஏழெட்டு இடத்தில் கொட்டிவிட்டது. பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, தலை சுற்றி விழுந்துவிட்டார். பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகில்) ஏற்றி குருமண்வெளிக் கரைக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தொடையில் ஒரு ஊசி போட்டார்கள். பெரிய மாற்றம் இல்லை. பிரஷர் 80க்கு 50, நாடி 64 என்று தாதி மிஸ் சொன்னது காதில் விழுந்தது. ஐந்து நிமிடத்தில் இன்னொரு ஊசி. அதோடு முகம் வெளிறி, கை இரண்டும் உதறத் தொடங்கியது. சேலைன் நிறைய ஏற்றினார்கள். ஒருவாறு தேறி, சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார். பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஒருவர், “அது நின்றுபோன இதயத்துக்குப் போடுற ஊசி, மாறிப் போட்டுட்டாங்கள், அதுதான் உதறினது” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மாவுக்கு நித்திரை இல்லை. அவர் எந்த வருத்தத்துக்கும் மருந்து எடுப்பவரும் இல்லை. விசயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய மருந்தாளர் | 11 பெப்ரவரி, இரவு 9.40

சரியான ஊசி. போடாமல் விட்டிருந்தால்தான் பிழை.

நான் வைத்தியர் இல்லை. 34 வருடம் மருந்தாளராக இருந்து ஓய்ந்தவன். அந்த ஊசி அட்ரீனலின். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்க நடுத் தசையில். ஐந்து நிமிடத்தில் சரிவராவிட்டால் திரும்பவும். உங்கள் அம்மாவுக்கு நடந்தது அப்படியே இதுதான்.

அந்த மனிதர் சொன்னதில் பாதி உண்மை. நின்ற இதயத்துக்கும் இதே மருந்துதான். அங்கே ஒரு மில்லிகிராம், நேரே நாளத்துக்குள், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. அளவும் போடும் வழியும் வேறு.

குளவி நஞ்சு ஒவ்வாமல் போகும்போது உடம்பில் ஹிஸ்டமின் போன்ற சாமான்கள் ஒரேயடியாகக் கொட்டுப்படும். இரத்தக் குழாய்கள் தளர்ந்து கசியும், பிரஷர் விழும், தொண்டை வீங்கும், சுவாசக் குழாய் சுருங்கும். அட்ரீனலின் குழாய்களை இறுக்கும், இதயத்தை முடுக்கும், சுவாசக் குழாயை விரிக்கும், ஹிஸ்டமின் கொட்டுப்படுவதையும் தடுக்கும். நாலு வேலையையும் ஒரு மருந்து செய்வதால்தான் அதை முதலில் போடுகிறார்கள். நாங்கள் எல்லாவற்றுக்கும் ஓடுகிற பிரிட்டோன் குளிசை அரிப்பைக் குறைக்கும். விழுந்த பிரஷரைத் தூக்காது.

முகம் வெளிறியது தோலில் உள்ள குழாய்கள் இறுகியதால். கை உதறியது தசையில் அதே மருந்து வேலை செய்ததால். இரண்டும் மருந்து போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம். அம்மாவிடம் சொல்லுங்கள், நித்திரை கொள்ளட்டும்.

பழைய மருந்தாளர் | 11 பெப்ரவரி, இரவு 11.15

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பாதையில் கொண்டுவரும்போது அம்மாவை எப்படி வைத்திருந்தீர்கள்? தலை சுற்றி விழுந்தவரை எழுப்பி உட்காரவைப்பதும் நடத்துவதும் ஆபத்து. கீழே தேங்கிய இரத்தம் இதயத்துக்குத் திரும்பாது. மூச்சு எடுக்க முடிகிறவர் என்றால் படுக்கவைத்துக் காலைத் தூக்கிவைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து இருக்கலாம்.

பழைய மருந்தாளர் | 12 பெப்ரவரி, காலை 7.05

பார்த்தேன். “கதிரை ஒன்று வாங்கி இருத்தினோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லகாலம் தம்பி, வேறென்ன சொல்ல.

பழைய மருந்தாளர் | 12 பெப்ரவரி, இரவு 10.30

ஒரு திருத்தம். நேற்று “குழாய்களை இறுக்கும்” என்று ஒரே போடாகப் போட்டேன். இங்கே படிக்கும் வைத்தியர் ஒருவர் தனிச்செய்தியில் காதைத் திருகினார். தோலிலும் குடலிலும் இறுக்கும். தசைக்குள் ஓடும் குழாய்களை, சிறிய அளவில் போனால், தளர்த்தும். ஓட வேண்டிய நேரத்தில் காலுக்கு இரத்தம் வேண்டுமே.

ஒரே மருந்து ஓரிடத்தில் இறுக்கி இன்னோரிடத்தில் எப்படித் தளர்த்தும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் ஊரில் என்ன நடக்கும்? 78 சூறாவளியைக் கண்டவர்களுக்குத் தெரியும். கடற்கரைக்காரர் தோணியை மேட்டுக்கு இழுப்பார். வயல்காரர் வரம்பை வெட்டித் தண்ணியை விடுவார். வீட்டுக்காரி பாயில் காயும் நெல்லை அள்ளுவார். பிள்ளைகள் பள்ளியில்லை என்று துள்ளும். செய்தி ஒன்றுதான், கேட்டவர் ஆர் என்பதைப் பொறுத்து வேலை மாறும். அட்ரீனலின் அந்தச் செய்தி. கேட்கும் காதுகளை ஏற்பிகள் என்கிறார்கள். அல்பா 1 என்ற காது இரத்தக் குழாயில் இருந்து கேட்டால் குழாயை இறுக்கும். கண்ணில் இருந்தால் கருமணியை விரிக்கும். பீட்டா 1 இதயத்தில் இருந்து அடிப்பைக் கூட்டும். பீட்டா 2 சுவாசக் குழாயிலும் கருப்பையிலும் தசையைத் தளர்த்தும். அல்பா 2 கொஞ்சம் வித்தியாசமான ஆள், நரம்பின் நுனியிலேயே இருந்துகொண்டு “போதும், நிறுத்து” என்பார். கர்ப்பிணித் தாய்மாருக்குப் பிரஷருக்கென்று கிளினிக்கில் கொடுக்கும் மீதைல்டோபா அந்த ஆளைத்தான் தட்டி எழுப்புகிறது.

உள்ளே நடப்பது இன்னும் வேடிக்கை. பீட்டா காது கேட்டதும் செல்லுக்குள் சுழல் ஏஎம்பி என்றொரு சாமான் கூடும். இதயச் செல்லில் அது கூடினால் கல்சியம் உள்ளே வந்து துடிப்பு பலக்கும். சுவாசக் குழாயின் தசையில் அதே சாமான் கூடினால் தசை தளரும். வெளியில் சொன்ன உவமை உள்ளேயும் அப்படியே ஓடுகிறது. இந்தச் சாமானைக் கண்டுபிடித்த ஏர்ல் சதர்லாந்துக்கு 1971இல் நோபல் கொடுத்தார்கள்.

பழைய மருந்தாளர் | 14 பெப்ரவரி, இரவு 8.50

அட்ரீனலின் குப்பியில் எழுதியிருக்கும் “1:1000 என்றால் என்ன” என்ற கேள்விக்கு: ஆயிரம் மில்லி லீட்டரில் ஒரு கிராம். ஆக, ஒரு மில்லி குப்பியில் ஒரு மில்லிகிராம். தசைக்கு அதில் பாதி. நாளத்துக்குள் போடுவதற்கு அதைப் பத்து மடங்கு ஐதாக்குவார்கள். ஒரு பூச்சியம் கூடிக் குறைவது சும்மா விசயம் இல்லை.

இதில் என் கதை ஒன்று இருக்கிறது. எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். 1991, கரண்ட் இல்லாத இரவு, சின்ன ஆஸ்பத்திரி. வயலுக்குப் பூச்சிமருந்து அடித்த ஒருவரை வாயில் நுரையோடு கொண்டுவந்தார்கள். அதற்கு மாற்று அட்ரோப்பின். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குப்பி உடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தட்டு காலியாகக் காலியாக நான் நிரப்பிக் கொடுத்தேன். அட்ரோப்பின் வெள்ளைக் கண்ணாடிக் குப்பி. அட்ரீனலின் வெளிச்சம் பட்டால் கெட்டு நிறம் மாறும் என்பதால் தவிட்டு நிறக் குப்பி. பகலில் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பேன். அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் எல்லாக் குப்பியும் தவிட்டு நிறம்தான். மிஸ் ஒரு குப்பியை எடுத்து, கழுத்தை உடைக்க முன்பு, லாம்புக்குக் கிட்டப் பிடித்து எழுத்தைப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அந்தக் குப்பியை மட்டும் தனியாக மேசையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

துடிக்கிற இதயத்துக்கு ஒரு மில்லிகிராம் அட்ரீனலின் நாளத்தால் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் நினைக்க விரும்பவில்லை. அந்த மனிதர் பிழைத்துவிட்டார். பெயர் எழுத்துத் தெரியாமல் இன்றுவரை நான் ஒரு குப்பியும் கையில் கொடுப்பதில்லை, இருமல் பாணியாக இருந்தாலும்.

பழைய மருந்தாளர் | 15 பெப்ரவரி, காலை 6.40

பல் பிடுங்க ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்தது, அதிலும் இதுவா என்று ஒருவர் கேட்டார். ஆம். மரத்துப்போகும் மருந்தோடு அட்ரீனலினும் இருக்கும், பெரும்பாலும் 1:80,000. அந்த இடத்துக் குழாய்களை இறுக்கி, மருந்தை அங்கேயே பிடித்து வைக்கும். இரத்தமும் குறையும். ஒரு குழல் முழுதும் போட்டாலும் 27 மைக்ரோகிராம் அளவுதான் வரும். குளவிக்குப் போட்டது 500. கணக்கைப் பார்த்துப் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாதிப் படபடப்பு பல் வைத்தியரின் கதிரையைக் கண்டதால் உங்கள் உடம்பே சுரந்த அட்ரீனலின்.

பழைய மருந்தாளர் | 17 பெப்ரவரி, இரவு 11.50

நித்திரை வராததால் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு மருந்து விளக்கும் நான் ஒரு மூக்குத்துளி மருந்துக்கு அடிமை. சைலோமெட்டசோலின். மார்கழி மழையில் தடிமன் பிடித்தது, ஒரு சொட்டு விட்டேன், சுவர்க்கம் திறந்தது. அதுவும் இந்தக் குடும்பத்து மருந்துதான். அல்பா காதைப் பிடித்து மூக்குக்குள் வீங்கிய குழாய்களை இறுக்கிவிடும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் சில நாளுக்கு மேல் வேண்டாம் என்று அச்சடித்திருக்கிறது. அந்தத் தாளை நானே எத்தனை பேருக்குப் படித்துக் காட்டியிருப்பேன்! ஐந்தாம் நாளைத் தாண்டினால் மருந்து இறங்கும்போது மூக்கு முன்னிலும் மோசமாக அடைக்கும். அடைப்புக்கு இன்னொரு சொட்டு. அது இறங்க இன்னும் அடைப்பு. இன்று எட்டாவது வாரம். தலையணைக்குக் கீழே ஒரு போத்தல், சட்டைப் பையில் ஒன்று, மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் ஒன்று. மனைவி கண்டுபிடித்தது இரண்டை.

காரணம் அந்தக் காதுதான். 2004க்குப் பிறகு எங்கள் கரையில் “கடல் வருகுது” என்று ஆராவது கத்தினால் முதல் மாதங்களில் ஊரே சோற்றுக் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடியது. பத்தாவது தடவை அரைவாசிப் பேர் வாசலில் நின்று எட்டிப்பார்த்தார்கள். எந்நேரமும் சத்தம் கேட்டால் காது மந்தமாகிவிடும். ஏற்பிகளும் அப்படியே எண்ணிக்கையில் குறையும்.

பழைய மருந்தாளர் | 18 பெப்ரவரி, காலை 8.10

நன்றி, நன்றி. ஆவி பிடிக்கச் சொன்ன பதினொரு பேருக்கும் சேர்த்து.

பழைய மருந்தாளர் | 25 பெப்ரவரி, மாலை 5.15

படுவான்கரைத் தம்பி, இதைக் கட்டாயம் படியுங்கள்.

இன்று மத்தியானம் உங்கள் முதல் கேள்வியைத் திரும்ப வாசித்தேன். “பிரஷர் 80க்கு 50, நாடி 64.” அந்த 64 அன்று என் கண்ணில் படவேயில்லை. பிரஷர் 80க்கு விழுந்த ஒருவருக்கு, அதுவும் அட்ரீனலின் ஒன்று போட்ட பிறகு, நாடி 110, 120 என்று ஓடவேண்டும். 64 என்றால் யாரோ இதயத்தின் காதைப் பொத்திப் பிடித்திருக்கிறார்கள். கை உதறியது, அப்படியானால் பீட்டா 2 கேட்டிருக்கிறது. முகம் வெளிறியது, அல்பாவும் கேட்டிருக்கிறது. பீட்டா 1 மட்டும் கேட்கவில்லை.

அம்மா ஒரு மருந்தும் எடுப்பதில்லை என்று எழுதினீர்கள். நம்ப மனம் வரவில்லை. எங்கள் அம்மாமாருக்குக் கிளினிக் குளிசை மருந்துக் கணக்கில் வராது, அது சாப்பாட்டுக் கணக்கு. வீட்டில் பிஸ்கட் டின், சீலைப் பெட்டி, சாமித்தட்டு எல்லாம் பாருங்கள். லோல் என்று முடிகிற பெயர் ஏதும் இருக்கிறதா?

பழைய மருந்தாளர் | 25 பெப்ரவரி, இரவு 9.30

படம் கிடைத்தது. அட்டெனோலோல் 50. நாலு வருடமாக! “அது மருந்தில்ல மனே, பிரஷருக்குக் காலையில போடுற குளிசை” என்று அம்மா சொன்னதை வாசித்துச் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அட்டெனோலோல் பீட்டா 1 காதைப் பொத்தும் மருந்து. அதைப் போடுகிறவருக்குக் குளவி ஒவ்வாமை வந்தால் அட்ரீனலின் வழக்கம்போலக் கேட்காமல் போகலாம். அம்மாவுக்கு இரண்டாவது ஊசியும் நிறையச் சேலைனும் தேவைப்பட்டதற்கு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஒரு ஊசியில் தேறாதவர்கள் இந்தக் குளிசை போடாதவர்களிலும் உண்டு. ஆனால் அந்த 64க்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. பொத்திய காதைச் சுற்றிப்போக ஒரு வழியும் உண்டு. குளுக்ககோன் ஊசி வேறொரு கதவால் நுழைந்து அதே சுழல் ஏஎம்பியைக் கூட்டும். அட்ரீனலினுக்கு மசியாத பீட்டாக் குளிசைக்காரருக்கு நாளத்தால் அதைக் கொடுப்பார்கள்.

இனி முக்கியமானது. குளிசையை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். காதை வருடக்கணக்காகப் பொத்தினால் உடம்பு சும்மா இராது, இன்னும் காதுகளை முளைக்கவைக்கும். திடீரென்று கையை எடுத்தால் அத்தனையும் ஒரேயடியாகக் கேட்கும். படபடப்பு, பிரஷர், நெஞ்சுவலி, சிலருக்கு மாரடைப்புவரை போகலாம். மூக்குத்துளியில் நான் மாட்டியிருப்பதன் மறுபக்கம் இது. குளவிக் கதை முழுவதையும் கிளினிக் வைத்தியரிடம் சொல்லுங்கள். மாற்றுவதென்றால் அவர் படிப்படியாக மாற்றுவார்.

பழைய மருந்தாளர் | 2 மார்ச், இரவு 10.05

லோல் பேச்சு வந்ததால் பலரும் ப்ரோப்ரனோலோல் பற்றிக் கேட்கிறீர்கள். குறிப்பாக மேடை நடுக்கத்துக்கு. வேலை செய்யும், பொய் சொல்லமாட்டேன். ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும், தைரொயிட் கூடியவர்களின் படபடப்புக்கும், ஈரல் வருத்தக்காரருக்கு உணவுக்குழாயில் இரத்தம் கசியாமல் இருக்கவும் கொடுப்பார்கள். ஆனால் இது அட்டெனோலோல்போல ஆள் பார்த்துப் பொத்துவதில்லை. பீட்டா 1, 2 இரண்டையும் பொத்தும்.

என் அக்காவின் மகளுக்குச் சின்ன வயதில் முட்டு (ஆஸ்மா) இருந்தது. பத்து வருடமாக இல்லை. ஆசிரியர் நியமன நேர்முகத்துக்குப் போகும் காலையில் கூட்டாளி ஒருத்தி 40 மில்லிகிராம் குளிசை ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். நேர்முகத்தில் குரல் நடுங்காமல் பேசினாளாம். பின்னேரம் பஸ்ஸில் வரும்போது நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது. கல்லடிப் பாலத்தடியில் இறங்கி என் வீட்டுக்கு நடந்து வந்தாள். பழைய பம்பைத் தேடி நாலு தடவை இழுத்தோம். அசையவில்லை. பம்பில் இருப்பது சல்பியூட்டமோல், பீட்டா 2 காதைத் தட்டும் மருந்து. அந்தக் காதில்தான் காலையிலேயே பஞ்சை அடைத்துவிட்டோமே! ஆஸ்பத்திரியில் மாஸ்க் வழியாக சல்பியூட்டமோலோடு இப்ரட்ரோப்பியமும் கொடுத்தார்கள். அது இந்தக் குடும்பமே இல்லை, வேறு வழியால் குழாயை விரிப்பது. அதன்பிறகுதான் பேச்சு வந்தது. முதற்பேச்சு: “மாமா, அம்மாட்டச் சொல்லாதீங்க.”

கண் அமுக்கத்துக்கு விடும் டிமோலோல் சொட்டும் இதே ஆள்தான். ஒரு சொட்டுத்தானே என்று முட்டுக்காரர் நினைக்கக்கூடாது. மூக்கு வழியாக இறங்கி இரத்தத்தில் கலக்கும்.

இன்னொன்று. சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சீனி இறங்கும்போது வரும் அறிகுறி எல்லாவற்றையும் லோல் மறைத்துவிடும். கவனம்.

பழைய மருந்தாளர் | 3 மார்ச், காலை 9.20

கடைசி வரி பிழை. தாதி ஒருவர் திருத்தினார், சரியாகவே திருத்தினார். படபடப்பையும் நடுக்கத்தையும் மறைக்கும். வியர்வையை மறைக்காது. வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பு அட்ரீனலின் அணியைச் சேர்ந்ததுதான் என்றாலும், அதன் நுனியில் சுரப்பது அசற்றைல்கோலின் என்ற வேறொரு சாமான். பீட்டா மருந்துக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே லோல் போடும் இன்சுலின்காரர் காரணமில்லாமல் குளிர்ந்து வியர்த்தால் முதலில் சீனியைப் பாருங்கள். 34 வருடம் இதை “எல்லாவற்றையும்” என்றே சொல்லிவந்திருக்கிறேன் போல.

பழைய மருந்தாளர் | 9 மார்ச், இரவு 9.00

அம்பாறைப் பக்கத்து நண்பரின் கேள்வி: பாம்பு கடித்தவருக்கும் முதலில் அட்ரீனலின் போட்டார்களாம், ஏன்? போட்டது கடிக்கு அல்ல, மாற்று மருந்துக்கு. புடையன், நாகம், விரியன் கடிக்கு இங்கே கொடுக்கும் நஞ்செதிர் மருந்து இந்தியாவில் குதிரை இரத்தத்தில் இருந்து செய்வது. அதுவே பலருக்கு ஒவ்வாமல் போகும். இலங்கையில் 1007 பேரில் செய்த ஆய்வொன்று 2011இல் வெளியானது. அவர்களில் 752 பேருக்கு ஏதோவொரு எதிர்விளைவு வந்தது. புரோமெத்தசின், ஹைட்ரோகோர்ட்டிசோன், அட்ரீனலின் மூன்றையும் முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தார்கள். உதவியது அட்ரீனலின் மட்டும். தோலுக்குக் கீழே கால் மில்லிகிராம். கடுமையான எதிர்விளைவு முதல் ஒரு மணிநேரத்தில் 43 சதவீதம் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், ஹைட்ரோகோர்ட்டிசோனைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த நன்மை போய்விட்டது. நாங்கள் காலங்காலமாக அலுமாரியில் முன்வரிசையில் அடுக்கி வைத்திருந்தது அந்த மற்ற இரண்டையும்தான்.

பழைய மருந்தாளர் | 16 மார்ச், மாலை 4.40

சின்னக் கதை. என் சம்பந்திக்குச் சிறுநீரக வருத்தம். வெயிலுக்கு இதம் என்று செவ்விளநீர் மூன்று குடித்திருக்கிறார். பொட்டாசியம் ஏறி, கால் சோர்ந்து, ஆஸ்பத்திரி. அங்கே மாஸ்க் வைத்து சல்பியூட்டமோலைப் புகையாகக் கொடுத்தார்கள். “முட்டே இல்லாத மனிசனுக்கு முட்டு மருந்து கொடுக்கிறாங்கள்” என்று வீட்டுக்காரர் சண்டைக்குப் போய்விட்டார்கள். பீட்டா 2 காதைத் தட்டினால் செல்கள் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்காகத்தான் கொடுத்தார்கள், இன்சுலினோடும் குளுக்கோசோடும். நான் போய் இதை விளங்கப்படுத்தியதற்கு எனக்கும் பேச்சு விழுந்தது.

பழைய மருந்தாளர் | 17 மார்ச், காலை 7.30

அப்பாவுக்குச் சலம் போகக் கஷ்டம் என்று பிரசோசின் கொடுத்த முதல் இரவே விழுந்துவிட்டார் என்று எழுதியவருக்கு: அது அல்பா 1 காதைப் பொத்தும் மருந்து. சிறுநீர்ப்பை வாயிலைத் தளர்த்தும். கூடவே இரத்தக் குழாயையும் தளர்த்தும். எழும்பி நின்றவுடன் பிரஷர் இறங்கும். முதல் குளிசை சிறிய அளவில், படுக்கப் போகும்போது. இரவில் எழும்பினால் கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பட்டும். யாழ்ப்பாணத்தில் சிவப்புத் தேள் கொட்டினால் கொடுப்பதும் இதே குளிசைதான். அந்தத் தேளின் நஞ்சு உடம்பின் சொந்த அட்ரீனலினை மடை திறந்ததுபோல் கொட்டவைக்கும். அதற்கு பிரசோசினைக் கொடுக்கலாம் என்று எடுத்துக்காட்டியவர் மகாராஷ்டிராவில் ஒரு சின்ன ஊர் வைத்தியர், ஹிம்மத்ராவ் பவஸ்கர். பெரிய ஆய்வுகூடம் ஒன்றும் இல்லாமல்.

பழைய மருந்தாளர் | 24 மார்ச், இரவு 11.10

அல்பா, பீட்டா என்று பெயர் வைத்தது ஆர் என்று ஒரு மாணவி கேட்டார். ரேமண்ட் அல்குவிஸ்ட், அமெரிக்கர், 1948. அதற்கு 42 வருடம் முன்பே ஹென்றி டேல் ஒரு விசித்திரத்தைக் கண்டிருந்தார். எர்கொட் என்ற பூஞ்சண மருந்து கொடுத்த பூனைக்கு அட்ரீனலின் போட்டால் பிரஷர் ஏறவேண்டியது இறங்கியது. இன்று எங்களுக்கு விளங்கும், எர்கொட் அல்பாவைப் பொத்தியது, மிஞ்சியது பீட்டா. அன்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. அல்குவிஸ்ட் இரண்டு வகைக் காது இருக்கிறது என்று எழுதி அனுப்பிய கட்டுரையை முதல் சஞ்சிகை திருப்பி அனுப்பிவிட்டது. வேறொன்றில் வந்தும் பல வருடம் ஆரும் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டவர் ஜேம்ஸ் பிளாக். நோயுற்ற இதயத்துக்கு இரத்தத்தைக் கூட்ட எல்லோரும் வழி தேட, அவர் இதயத்தின் வேலையைக் குறைத்தால் என்ன என்று யோசித்தார். அப்படி வந்ததுதான் ப்ரோப்ரனோலோல். 1988இல் நோபல்.

அதிலும் ஒரு திருப்பம். இதயம் பலவீனமானவருக்கு லோல் கொடுப்பது கொலைக்குச் சமம் என்றுதான் நான் படித்தேன். தொண்ணூறுகளின் முடிவில் பெரிய ஆய்வுகள் வந்து, பிசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல், கார்வெடிலோல் அதே நோயாளிகளின் ஆயுளைக் கூட்டுகின்றன என்று காட்டின. களைத்த மாட்டை அடித்து ஓட்டிக்கொண்டே இருந்தால் விழுந்துவிடும் அல்லவா, அடியை நிறுத்துகிறது. மிகச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். இதயம் பலவீனமானவருக்கு லோல் எழுதிய மருந்துத் துண்டு முதன்முதல் என் கவுண்டருக்கு வந்தபோது எழுத்துப் பிழை என்று நினைத்து வைத்தியரிடம் திருப்பிக் கொண்டுபோனேன். அவர் பொறுமையாக இருத்தி விளங்கப்படுத்தினார், தேத்தண்ணியும் தந்தார்.

பழைய மருந்தாளர் | 7 ஏப்ரல், மாலை 6.00

தம்பியின் செய்தி வந்தது. கிளினிக்கில் அட்டெனோலோலை அரைவாசியாக்கி, சில வாரத்தில் நிறுத்தி, வேறு வகைப் பிரஷர் குளிசையான அம்லோடிபின் எழுதியிருக்கிறார்கள். அட்டையின் முன்பக்கத்தில் சிவப்பு மையால் குளவி ஒவ்வாமை என்றும் எழுதியாகிவிட்டது. அம்மா அந்த அட்டையையும் பிஸ்கட் டின்னுக்குள்ளேயே வைத்துவிட்டாராம். எடுத்து வெளியில் வையுங்கள். வயலுக்குப் போகும்போது தொலைபேசியும் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கமும் ஆரிடமாவது இருக்கட்டும். பாதையில் ஏற்றினால் கதிரை வேண்டாம், பாய்.

பழைய மருந்தாளர் | 20 ஏப்ரல், இரவு 10.45

மூக்கு என்னாயிற்று என்று கேட்டவர்களுக்கு. ஒரு நேரத்தில் ஒரு மூக்குத் துவாரத்துக்கு மட்டும் மருந்தை நிறுத்தச் சொன்னார் காது மூக்கு வைத்தியர், கூடவே ஸ்டீரொயிட் ஸ்பிரே. இடதுபக்கத்தை மார்ச் நடுவில் விட்டேன். ஆறு இரவு இடது மூக்கு செத்துக் கிடந்தது, வலதால் மூச்சு. பிறகு அது தானாகத் திறந்தது. புத்தாண்டுக்கு முதல்நாள் வலதையும் விட்டேன். கைவிசேடம் வாங்க வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் வாயால் மூச்சு விட்டபடியே காசு கொடுத்தேன்.

இன்று விடிய நாலு மணிக்கு முழிப்பு வந்தது. வலதுபக்கம் பக்கத்து வீட்டில் தேங்காய்ப்பால் கொதிக்கும் மணம். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் இருந்த போத்தலை மனைவி இன்னும் கண்டுபிடிக்கவில்லை. நாளைக்கு நானே கொடுத்துவிடுகிறேன்.